அவரைப் பந்தலின் நாற்றப் பூச்சிகள்: மருந்து அடிக்கும் முன்

பாலக்கோடு பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தலும் தக்காளியும் போட்டிருக்கும் நீங்கள் மூன்று படங்களைக் கொடுத்து, இந்த நாற்றப் பூச்சியின் பெயர் என்ன, எந்த மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் படத்தில் தக்காளிக் காம்பில் ஒரு பச்சைப் பூச்சி. இரண்டாவதில் அவரைக் கொடியில் தோள் இரண்டும் முள்ளாக நீண்ட பழுப்புப் பூச்சி. மூன்றாவதில் இலையின் அடியில் கூட்டமாகச் சிவப்பும் கருப்புமான குஞ்சுகள். மூன்றையும் நசுக்கிப் பார்த்தபோது ஒரே நாற்றம் வந்தது என்றும், பழுப்புப் பூச்சிக்குக் கைபேசிச் செயலி அமெரிக்காவில் பெரும் சேதம் செய்யும் ஒரு பூச்சியின் பெயரைக் காட்டியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது பெயரை மட்டும் அல்ல. நாற்றம் ஒன்று என்பதால் மூன்றும் ஒரே பூச்சிதானா, மூன்றையும் ஒழிக்க வேண்டுமா என்பதே உங்கள் கேள்வி.

இரண்டுக்கும் என் பதில், இல்லை. பச்சைப் பூச்சி எது என்பதைப் படத்தைப் பார்த்தே ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல முடிகிறது. அது பயிருக்குப் பகைதான். பழுப்புப் பூச்சி இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று உங்கள் அவரைக்காயைக் கெடுப்பது, மற்றது அந்த அவரையைத் தின்னும் புழுக்களைக் குத்திக் கொல்வது. மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். குஞ்சுகள் விஷயத்திலும் அதே நிலைதான். பூச்சியியல் படித்துவிட்டு 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வயல்களில் நடந்தவன் என்ற முறையில், நீங்களே நாளைக் காலையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நாற்றத்தைப் பற்றி. நாம் நாற்றப் பூச்சி என்று ஒரே பெயரில் அழைப்பவை பத்துப் பன்னிரண்டு வகைகள். வேளாண்மைத் துறையினர் இவற்றை நாவாய்ப்பூச்சிகள் என்பார்கள். வளர்ந்த பூச்சியின் நாற்றச் சுரப்பி நெஞ்சின் அடிப்புறத்தில், கால்கள் தொடங்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது. குஞ்சுகளுக்கு அது முதுகின் நடுவில் இருக்கும். தொட்டாலோ நசுக்கினாலோ அங்கிருந்து வெளிவரும் நீரில் ஆல்டிஹைடு வகை வேதிப்பொருட்கள் உண்டு. அதே வகைப் பொருட்கள்தான் கொத்தமல்லித் தழைக்கும் மணம் தருகின்றன. பூச்சியை விரலில் நசுக்கியவர்கள் சிலர், அழுகிய கொத்தமல்லிக் கட்டை முகர்ந்ததுபோல் இருந்தது என்று சொல்வது இதனால்தான். பயிரை உறிஞ்சுவதற்கும் உண்டு இந்த நாற்றம், புழுவை உறிஞ்சுவதற்கும் உண்டு. நெருங்கிய உறவுள்ள குடும்பங்களுக்கும் உண்டு. எனவே நாற்றம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதைத்தான் காட்டும். குற்றவாளி யார் என்பதைக் காட்டாது. நசுக்கிய கையோடு கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள், நன்றாக எரியும்.

இவற்றைப் பலர் வண்டு என்றும் சொல்கிறார்கள். வேறுபாடு கண்ணால் பார்த்தே தெரியும். வண்டின் மேலிறகுகள் இரண்டும் முதுகின் நடுவில் நேர்க்கோட்டில் சேரும், வாய் கடித்து மெல்லும். நாவாய்ப்பூச்சியின் மேலிறகில் முன்பாதி தோல்போலத் தடித்தும் பின்பாதி கண்ணாடித் தாள்போல மெல்லியதாகவும் இருக்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் படியும். நாற்றப் பூச்சிக் குடும்பத்தின் சரியான அடையாளம், முதுகில் இறகுகள் தொடங்கும் இடத்தில் இருக்கும் பெரிய முக்கோணத் தகடு. உடல் முழுவதும் பழைய காலத்துக் கேடயம் போன்ற வடிவம். உணர்கொம்பில் ஐந்து கணுக்கள். இந்த ஐந்து என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பழுப்புப் பூச்சிக்கு வரும்போது தேவைப்படும்.

உங்கள் முதல் படத்தில் இருப்பது பச்சை நாவாய்ப்பூச்சி, அறிவியல் பெயர் நெசாரா விரிடுலா. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயரிட்ட பழைய பூச்சி, வெப்பநாடுகள் எங்கும் பரவியது. நீளம் 12 முதல் 15 மில்லிமீட்டர். முக்கோணத் தகட்டின் முன்விளிம்பில் வரிசையாக மூன்று சிறு வெண்புள்ளிகள், இரு மூலைகளிலும் ஒவ்வொரு கரும்புள்ளி. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வெண்புள்ளிகளில் இரண்டு தெளிவாகத் தெரிகின்றன. 'ஏறக்குறைய' என்று மேலே சொன்னதற்குக் காரணம், இதற்கு ஒத்த வேறு பச்சை இனங்களும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய நெஞ்சின் அடியில் நாற்றச் சுரப்பியிலிருந்து வரும் வாய்க்கால் குட்டையா நீளமா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் தோட்டத்துக்காரருக்கு அந்த வேறுபாடு அவசியம் இல்லை, அவையும் செடியை உறிஞ்சுபவைதான். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இதே இனத்தில் தலையும் தோளும் மஞ்சளாக இருக்கும் பூச்சிகள் உண்டு. குளிர்காலத்தில் ஓய்வு நிலைக்குப் போகும்போது பச்சை மங்கிப் பழுப்பாகவும் மாறும். மார்கழியில் பழுப்பாகப் பார்த்தவர் வேறு பூச்சி வந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு.

அது தக்காளியில் என்ன செய்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். பழுத்த பழம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் மேல் ஊசி முனை அளவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மேகம் படிந்ததுபோல் வெளிர்மஞ்சள் திட்டு இருக்கும். நகத்தால் அந்த இடத்தில் தோலை மெல்ல உரித்தால் அடியில் சதை சிவப்பாக இல்லாமல், வெள்ளையாக, பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். பூச்சியின் அலகுக்குள், அதாவது உறிஞ்சும் நீண்ட வாய்க்குள், இருக்கும் நுண்ணூசியில் இரண்டு குழாய்கள். ஒன்றின் வழியே உமிழ்நீர் இறங்கும், மற்றதன் வழியே கரைந்த சாறு ஏறும். அந்த உமிழ்நீர் பட்ட செல்கள்தான் இப்படிப் பஞ்சாகின்றன. தக்காளியில் வெள்ளைத் திட்டு வேறு காரணங்களாலும் வரும். வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் பெரிதாக, காகிதம்போல் வெளுத்திருந்தால் அது வெயில் சூடு. வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் இருந்து, செடியின் கொழுந்தும் கருகியிருந்தால் அது இலைப்பேன் பரப்பும் நச்சுயிரி நோய். நாவாய்ப்பூச்சிக்கு அதில் பங்கு இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி மருந்து வாங்கிக் காசைத் தொலைத்தவர்களைப் பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பழுப்புப் பூச்சி. செயலி காட்டிய பெயர் சீனா, ஜப்பான், கொரியா பகுதிகளைச் சேர்ந்த ஒரு பூச்சியுடையது. 1990-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆலன்டவுன் நகருக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து பழத்தோட்டங்களைப் பாழாக்கியபடி பரவியது. குளிர்காலத்தில் வீடுகளுக்குள் ஆயிரக்கணக்கில் புகுந்துவிடும் என்பதால் அதன் படங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன; பழுப்பான எதைக் காட்டினாலும் செயலி அந்தப் பெயருக்குத் தாவுவது அதனால்தான் என்பது என் கருத்து. அதன் அடையாளம் உணர்கொம்பில் வெண்பட்டைகள். ஆனால் நம் மரப்பட்டைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹாலிஸ் போன்ற பெரிய பழுப்புப் பூச்சிகளின் கொம்பிலும் வெளிர்பட்டை உண்டு. உங்கள் பூச்சிக்கோ தோள்கள் முள்ளாக நீண்டிருக்கின்றன, அந்த வெளிநாட்டுப் பூச்சிக்கு அப்படி இல்லை. ஆகவே அந்தப் பெயரை விட்டுவிடலாம். இது உறுதி.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று துவரை, அவரை, தட்டைப்பயறு ஆகியவற்றின் காய்களை உறிஞ்சும் காய் நாவாய்ப்பூச்சி, கிளாவிகிரல்லா கிப்போசா. இது நாற்றப் பூச்சிக் குடும்பமே அல்ல, அதன் உறவுக் குடும்பம். உணர்கொம்பில் நான்கு கணுக்கள்தான். உடல் கேடயம்போல் அகலமாக இல்லாமல் சற்று ஒடுங்கியது. பின்னங்கால் தொடை நுனியை நோக்கித் தடித்து வீங்கியிருக்கும். மற்றது இயோகாந்தெகோனா ஃபர்செல்லாட்டா, புழுக்களை வேட்டையாடும் நாற்றப் பூச்சி. கொம்பில் ஐந்து கணு, அகன்ற கேடய உடல், முக்கோணத் தகட்டின் இரு முன்மூலைகளிலும் மஞ்சள் புள்ளி. முன்னதற்கும் பின்னதற்கும் பொதுவானவை பழுப்பு நிறமும் தோள் முள்ளும் நாற்றமும். ஆள் நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் தெரிவதும் இந்த மூன்று மட்டுமே.

ஐயம் தீர ஒரே வழி, பூச்சியைப் புரட்டிப் போட்டு அலகைப் பார்ப்பது. மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டியைப் பூச்சிக்கு அடியில் பிடித்து, கொடியை ஒரு தட்டு தட்டுங்கள். அதிகாலையில் குளிரில் இவை மந்தமாக இருக்கும், பறக்காமல் கீழே விழும். புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி அடியிலிருந்து பாருங்கள். தலைக்குக் கீழே கால்களுக்கு இடையில் மடங்கிக் கிடப்பது அலகு. செடியை உறிஞ்சுவதற்கு அது தையல் நூல்போல மெலிந்து, உடலோடு படிந்து கிடக்கும். புழுவை வேட்டையாடுவதற்கு அடிப்பகுதி கம்பிபோல் தடித்து, தலையிலிருந்து விலகி நிற்கும். அதை அப்படியே முன்னோக்கி நீட்டி ஈட்டிபோல் குத்தவும் அதனால் முடியும். ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மறுமுறை தடுமாற மாட்டார்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒருவரின் துவரைக் காட்டுக்குப் போனேன். செடிகளில் தோள் முள்ளுள்ள பழுப்புப் பூச்சிகள் நிறைய இருந்தன. குனிந்து பார்க்காமல் காய் நாவாய்ப்பூச்சி என்று சொன்னேன்; அவரும் அன்று மாலையே மருந்து அடித்துவிட்டார். பத்து நாள் கழித்துப் போனபோது காய்க்குக் காய் பச்சைக் காய்ப்புழு துளைத்திருந்தது. செடிக்கடியில் காய்ந்து கிடந்த பூச்சி ஒன்றை எடுத்துப் புரட்டினேன், அலகு தடித்திருந்தது. அந்தக் காட்டில் புழுவை அடக்கி வைத்திருந்ததே அதுதான். அந்தப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து புரட்டிப் பார்க்காமல் எந்த நாவாய்ப்பூச்சிக்கும் நான் பெயர் சொல்வதில்லை.

இந்த வேட்டைப் பூச்சி மத்திய, கிழக்கு இந்தியாவில் மரங்களின்மேல் தசர் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குப் பெரும் எதிரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் மல்பெரிப் பட்டுப்புழுவை மனைக்குள் வைத்து வளர்ப்பதால் அந்தத் தொல்லை நமக்கு இல்லை. இன்னொன்று, இது சில சமயம் தாகத்துக்காக இலையிலும் அலகை வைக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சாறு உறிஞ்சுகிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். செடிக்கு அதனால் கெடுதல் இல்லை.

மூன்றாவது படத்துக் குஞ்சுகளுக்கு வருகிறேன். பச்சை நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகள் பொரித்தவுடன் ஆரஞ்சு நிறத்தில், காலியான முட்டை ஓடுகளைச் சுற்றியே ஒட்டிக்கொண்டு நிற்கும்; அந்தப் பருவத்தில் செடியை உறிஞ்சுவதில்லை. அடுத்த தோல் உரித்தலில் கருப்பாகி, வளர வளர வெண்புள்ளிகள் பெறும். மொத்தம் ஐந்து குஞ்சுப் பருவங்கள். வேட்டைப் பூச்சியின் குஞ்சுகளும் கூட்டமாகவே இருக்கும், தலையும் நெஞ்சும் கருத்து, வயிறு சிவந்து இருக்கும். உங்கள் படம் மங்கலாக இருப்பதால் வெண்புள்ளி உண்டா இல்லையா என்பது தெரியவில்லை. ஆனால் அதே இலையிலோ பக்கத்து இலையிலோ சாறு வற்றித் துவண்டு தொங்கும் புழு இருந்தால், அவை வேட்டைக் குஞ்சுகள் என்று பெரும்பாலும் நம்பலாம். நாலைந்து குஞ்சுகள் ஒரே புழுவின்மேல் அலகை ஊன்றி நிற்பதையே நேரில் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை.

முட்டைகள் இன்னும் தெளிவாகப் பேசும். பச்சை நாவாய்ப்பூச்சி இலையின் அடியில் 60, 80 என்று முட்டைகளை அறுகோணமாக, தேனடைபோல் நெருக்கி அடுக்கும். ஒவ்வொன்றும் சிறு பீப்பாய் வடிவம், மேலே வட்ட மூடி, வெளிர்மஞ்சள் நிறம். பொரிக்கும் முன் செம்மை ஏறும். வேட்டைப் பூச்சியின் முட்டையும் பீப்பாய்தான், ஆனால் மூடியின் விளிம்பைச் சுற்றிக் கண்ணிமை முடிபோல நுண்ணிய மயிர்கள் நிற்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் இருந்தால் போதும், தெரிந்துவிடும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். பச்சை நாவாய்ப்பூச்சியின் முட்டை அடையில் சில முட்டைகள் முழுவதும் கருத்து இருந்தால், அதையும் நசுக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள கருங்குளவி அவற்றுக்குள் தன் முட்டையை வைத்திருக்கிறது. உள்ளே வளர்வது நாவாய்ப்பூச்சி அல்ல, குளவி. பொரித்து முடிந்த அடையிலும் இது தெரியும். குஞ்சு வெளியேறிய முட்டையில் மூடி வட்டமாக, ஒழுங்காகத் திறந்திருக்கும். குளவி வெளியேறியதில் கடித்துக் குதறிய ஒழுங்கற்ற ஓட்டை இருக்கும். நான் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதைப் பாதி அதுவே சொல்லிவிடும்.

உங்கள் தோட்டத்தில் நாளைக்கு வேறு சிலவும் கண்ணில் படலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவைக்கிறேன். அவரைக் கொடியின் இளந்தண்டில் மிளகுபோல உருண்டு, ஆலிவ் பச்சையில், கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டிருப்பது மெகாகோப்டா என்னும் அவரை நாவாய்ப்பூச்சி. அதன் முக்கோணத் தகடு வளர்ந்து முதுகு முழுவதையும் மூடிவிடுவதால் வண்டு என்றே எல்லோரும் நினைப்பார்கள். வேலிக் காட்டாமணக்கில் பச்சையும் நீலமுமாக உலோகம்போல் மின்னுவதற்கும் அதே அமைப்புதான், அதனால் உங்கள் பயிருக்குக் கவலை இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு போடுபவர்கள் கருப்பில் ஆரஞ்சும் வெள்ளையும் தீட்டிய, 5 முதல் 7 மில்லிமீட்டர் உள்ள பாக்ராடாவைப் பார்த்திருப்பார்கள். அது முட்டையை இலையில் அடுக்காமல் மண்ணில் இடும், ஆகவே இலையைப் புரட்டித் தேடிப் பயனில்லை. வெண்டையிலும் பருத்தியிலும் சிவப்பாக இணை இணையாகத் திரிவது நாற்றப் பூச்சி அல்ல, சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி. கிருஷ்ணகிரி அணைப் பாசனத்து நெல்லில் கதிர் பால் பிடிக்கும்போது வரப்பில் நடந்தாலே மூக்கைத் துளைக்கும் நாற்றம், மெலிந்து நீண்ட கதிர் நாவாய்ப்பூச்சியுடையது. பெயர்பெற்ற நாற்றம் அதற்குத்தான், ஆனால் அதுவும் வேறு குடும்பம்.

அவரைக்காயில் சேதம் உண்டா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். அடுப்படியில்தான் அது தெரியும். மொச்சையை ஊறவைத்துப் பிதுக்குப் பருப்புக் குழம்புக்குப் பிதுக்கும்போது, நல்ல பருப்பு விரலிடுக்கில் பளிச்சென்று வெளிர்பச்சையாக நழுவி விழும். பூச்சி குத்திய பருப்பில் பழுப்புப் புள்ளி ஒன்றும் அதைச் சுற்றி ஒரு குழிவும் இருக்கும், சில பருப்பு சுருங்கியே கிடக்கும். ஒரு படி பிதுக்கியதில் அப்படி நாலைந்துதான் கிடைக்கிறது என்றால் பந்தலில் எதுவும் செய்யாதீர்கள். கைப்பிடி கைப்பிடியாக ஒதுக்க வேண்டியிருந்தால்தான் நடவடிக்கை.

அந்த நடவடிக்கையும் உங்கள் அளவுத் தோட்டத்துக்குக் கையாலேயே முடியும். பனி உலரும் முன் ஒரு பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, புரட்டிப் பார்த்து உறுதி செய்த பகைப் பூச்சிகளை மட்டும் அதில் தட்டிவிடுங்கள். கருக்காத, இமைமயிர் இல்லாத முட்டை அடைகளை இலையோடு கிள்ளி எடுங்கள். பந்தலைச் சுற்றியுள்ள களையை அகற்றுங்கள். மீறிப் போனால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். குஞ்சுகளிடம் அது ஓரளவு வேலை செய்யும், தடித்த தோலுள்ள வளர்ந்த பூச்சிகளிடம் அவ்வளவாகச் செய்யாது. கடை மருந்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரையை மூன்று நாளைக்கு ஒருமுறை பறித்துச் சமைக்கிறீர்கள். மருந்து அடித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்களை அந்தப் பறிப்பில் கடைப்பிடிக்க முடியாது. குளவியும் வேட்டைப் பூச்சியும் மருந்தில் முதலில் போய்விடும் என்பதும் ஒரு காரணம்.

படத்தைக் கொண்டு யாரும் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. சில இனங்களை ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தான் வல்லுநர்களே பிரிக்கிறார்கள். ஆனாலும் உங்கள் பழுப்புப் பூச்சி அந்த அளவுக்குப் போக வேண்டியது அல்ல. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து மேலிருந்து ஒரு படம், புட்டிக்கு அடியிலிருந்து அலகு தெரிய ஒரு படம், பின்னங்கால் தெரியப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் உறுதியாகச் சொல்லிவிடுவேன். நேரில் காட்ட விரும்பினால் உங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் அருகில் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்தார் எலுமிச்சங்கிரி நிலையத்துக்கோ பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டு போகலாம். பூச்சியை நசுங்காமல் புட்டியில் போட்டு, எந்தச் செடியில், எந்தத் தேதியில் பிடித்தது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.

கடைசி வரியில், பூச்சி குத்திய தக்காளியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். பஞ்சான இடத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள். குத்திய துளை வழியே அழுகல் இறங்கி, நீர் கசிந்து, புளித்த வாடை வரும் பழத்தை மட்டும் ஒதுக்குங்கள்.